பன்னிரண்டு முளை

"சமையல்காரன் இன்னிக்கு எப்படி இருமினான்?"

மருமகன் அறைக்குள் காலெடுத்து வைத்ததும் மாமனார் கேட்கிற முதல் கேள்வி இதுதான். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார். மகள் எப்படி இருக்கிறாள் என்றும் கேட்க மாட்டார். சமையல்காரர் எப்படி இருமினார் என்பது தெரிந்தால்தான் மற்றதெல்லாம்.

தச்சன் தலைத்துண்டை அவிழ்த்து, மரத்தூளை வாசலிலேயே உதறிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தான்.

"நல்லாத்தான் இருமினாரு, மாமா."

"நல்லான்னா என்ன மாப்ளே? சளி கட்டின இருமலா, வறட்டு இருமலா?"

"நான் என்ன டாக்டரா? வர்ற வழியில காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான்."

"வறட்டு இருமல்னா பரவாயில்ல, இன்னும் ஒரு மாசம் ஓட்டிருவான். சளி கட்டிச்சுன்னா எனக்கு முன்னால போய்ச் சேர்ந்திருவான் பாவி. நாளைக்கு நின்னு கேட்டுட்டு வா."

படைவீரர் இல்லத்தின் கீழ்த்தளத்தில் படுத்த படுக்கையாக இருந்தவர்கள் அப்போது இரண்டே பேர். ஒருவர் மாமனார். நெஞ்சில் நீர் கோத்து, காலையில் வீங்குகிற முகம் மதியம்தான் வடியும். இன்னொருவர் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில், முப்பது வருஷம் பட்டாளத்துக்குச் சமைத்துப் போட்டவர். பட்டாளத்தில் யாரும் துப்பாக்கிக்குப் பயந்ததில்லை, அவருடைய குழம்புக்குத்தான் பயந்தார்கள் என்று மாமனார் சொல்வார். இரண்டு பேரில் யார் முதலில் போவது என்பதில் மாமனாருக்கு ஒரு போட்டி இருந்தது. சமையல்காரருக்கு அந்தப் போட்டி இருப்பதே தெரியாது.

மாமனார்தான் முதலில் போயாக வேண்டும். ஒரு கைத்தடிக்காக.

அந்த விஷயம் தச்சனுக்குத் தெரிந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இல்லத்தின் முற்றத்துக்கு நடுவில் ஒரு ஜெபக்கூடம் உண்டு. இருநூறு வருஷத்துக் கட்டடம். கல் சுவர், மரக் கூரை, முப்பது பேர் உட்காரப் பெஞ்சுகள், பலிபீடத்துக்கு இடது பக்கம் பாதிரியார் உடை மாற்ற ஒரு சின்ன அறை. மழைத் தண்ணீர் இறங்கி உத்திரங்களின் நுனி உளுத்துப் போய், ஒரு நாள் பிரசங்கத்துக்கு நடுவில் ஒரு கை அளவு மரம் பாதிரியாரின் புத்தகத்தின் மேலேயே விழுந்த பிறகு, புராதனக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்கிற அலுவலகம் விழித்துக்கொண்டது. கூடத்தைப் பூட்டினார்கள். சாரம் கட்டினார்கள். பழைய மர வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடியபோது, "என் மாப்பிள்ளை இருக்கான், கை சுத்தம், வாய்தான் இல்ல" என்று சொல்லி இழுத்து வந்தவர் மாமனார்தான்.

இல்லத்துக் கிழவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்தால் அவருடைய கைத்தடியைக் கொண்டுபோய் அந்தச் சின்ன அறையின் மரச்சுவரில் இருக்கிற ஆணியில் மாட்டுவார்கள். அடுத்த ஆள் சாகும்வரை அது அங்கேயே தொங்கும், யாரும் தொட மாட்டார்கள். அடுத்தவர் போகிற அன்றைக்கு, தொங்குகிற தடியை எடுத்து அவருடைய சவப்பெட்டிக்குள் வைப்பார்கள். அவருடைய தடி ஆணிக்கு வரும். ஆகவே அங்கிருந்து போகிற எவனும் தன் தடியோடு போவதில்லை, தனக்கு முன்னால் போனவனின் தடியைப் பிடித்துக்கொண்டு போகிறான். எழுதி வைத்த சட்டமில்லை. யார் தொடங்கியது என்றும் தெரியாது. பாதிரியாருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் பிடிக்கவில்லை என்று சொல்லவும் தைரியமில்லை.

கூடம் பூட்டுவதற்கு முன்னால் அங்கே நடந்த கடைசி அடக்கப் பிரார்த்தனை நெட்டையினுடையது. நெட்டை மாமனாரோடு ஒரே பிரிவில் இருந்தவர், ஆறடி மூன்று அங்குலம். மாமனாரின் வலது பாதம் போய் மரப்பாதம் வைத்தபோது, மூன்று மாதம் தினமும் காலையில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து, "வா, வா, என் மூக்கைப் பிடி, வா" என்று நடக்கப் பழக்கியவர். அப்படிப்பட்டவரோடு இல்லத்தில் ஒரே அறை கிடைத்தும், ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்பதில் சண்டை வந்து, நெட்டை வேறு அறைக்கு மாறிப் போக, மாமனார் பதினோரு வருஷம் பேசவில்லை. நெட்டை இரண்டு தடவை வந்து பேசிப் பார்த்தார். இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாவது தடவை வர நெட்டைக்கு ஆயுசில்லை.

"பேசாமலே விட்டுட்டேன் மாப்ளே," என்றார் அன்றைக்கு, டாக்டர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன மதியத்தில். "ஆனா பாரு, அவனுக்கப்புறம் ஒம்பது மாசமா இங்க ஒரு பயலும் சாகல. அவன் தடி ஆணியில எனக்காகத்தான் தொங்குது. அதைப் பிடிச்சுக்கிட்டுப் போனா, அங்க போய் முகத்தைப் பார்க்கறப்ப ஒரு வார்த்தை பேச வாய் வரும். அந்தச் சமையல்காரன் மட்டும் குறுக்க வராம இருக்கணும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆமா, நீ அங்கதானே வேலை செய்றே. தடி பத்திரமா இருக்கா? பித்தளை வளையம் போட்டது, நீளமா இருக்கும். கொத்து வேலைக்காரனுங்க எவனாவது எடுத்துச் சுண்ணாம்பு கலக்கிடப் போறானுங்க. நீ எடுத்துட்டு வந்து இங்க கட்டில்ல கட்டி வச்சிரு."



நான்கு மாதத்துக்கு முன்னால் அந்தத் தடியை எடுத்தவன் தச்சன்தான்.

அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வருகிற அம்மாவுக்கு வேலையாட்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. கழுத்தில் ஒரு கண்ணாடி தொங்கும். எந்த மரத்தையும் அதை வைத்துப் பார்க்காமல் விட மாட்டாள். அவளுடைய கட்டளை ஒன்றுதான்: புது மரம் ஒரு துரும்புகூட உள்ளே வரக் கூடாது. அதே வயது, அதே சாதி மரமாக இருக்க வேண்டும். இரும்பு ஆணி கூடாது, பழைய முறைப்படி மர முளைதான் அடிக்க வேண்டும். உளுத்த உத்திர நுனிகளை வெட்டி எடுத்துவிட்டுப் பழைய மரத்தில் ஒட்டுப் போட, இடித்த கிடங்கு ஒன்றிலிருந்து மரம் வந்தது. ஒட்டுகளைச் சேர்த்து அடிக்க முளைக்குத்தான் மரம் போதவில்லை. இரண்டு ஒட்டுக்கு ஆறு ஆறாகப் பன்னிரண்டு முளை குறைந்தது. மழை வேறு மூட்டம் போட்டிருந்தது. கூரை பாதி திறந்து கிடந்தது.

அப்போதுதான் சின்ன அறைச் சுவரில் அந்தத் தடி கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தான். நகத்தால் கீறிப் பார்த்தான், மோந்து பார்த்தான். கூடத்துப் பெஞ்சுகளின் அதே மரம், அதே ரேகை ஓட்டம். எவனோ உடைந்த பெஞ்சுச் சட்டத்திலிருந்து செதுக்கியிருக்கிறான். தெய்வமே கொண்டுவந்து மாட்டி வைத்தது போலிருந்தது. அடியில் இருந்த பித்தளை வளையத்தைக் கழற்றிக் கருவிப் பையில் போட்டுக்கொண்டான். தண்டை அளந்து அறுத்தான். பன்னிரண்டு வந்தது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. வளைந்த கைப்பிடி எதற்கும் உதவவில்லை. வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிற அடுப்பில் சொருகினான். நன்றாக எரிந்தது.

முளைகளை அடித்து, நுனியைச் சீவி, மெழுகு தேய்த்து முடித்த மறுநாள் பூதக்கண்ணாடி சாரத்தில் ஏறி வந்தாள். கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள், சாக்குக்கட்டியால் எண் போட்டாள், படம் பிடித்தாள்.

"இந்தப் பன்னெண்டும் எங்க கிடைச்சது?"

"பழைய மரம்ங்க. இங்கேயே கிடந்துச்சு."

"இந்தக் கட்டடத்துலயே இதுதாங்க உங்களோட நல்ல வேலை," என்றாள். அவள் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். சட்டைத் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் காலர் தைத்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவள், "என்னைக்காவது என் தையலை யாராவது கண்ணாடி வச்சுப் பார்த்திருக்காங்களா? கொடுத்து வச்சவரு நீங்க," என்று சிரித்தாள்.

இப்போது அந்தப் பாராட்டு நெஞ்சில் ஆப்பு போல இறங்கியது.

மாமனார் தடியைக் கேட்ட அந்த மதியம் தச்சன் நேரே ஜெபக்கூடத்துக்குப் போய்ச் சாரத்தில் ஏறினான். எண் போட்ட பன்னிரண்டும் இருந்தபடியே இருந்தன. ஏழாவது முளையில் கை வைத்தான். துளை போட்டு ஒன்றை உருவிவிடலாம். அந்த இடத்தில் வேறொன்றை அடித்துவிடலாம். தடி முழுசாக இல்லையென்றாலும் விரல் நீளத்துக்கு ஒரு துண்டாவது அவர் கையில் இருக்கும். ஆனால் எதை அடிப்பது? புது மரம் அடித்தால் பூதக்கண்ணாடி கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தால் பழைய பன்னிரண்டும் எங்கிருந்து வந்தன என்று தோண்டுவாள். அதற்கெல்லாம் முன்னால், மாமனாரிடம் போய் இதைச் சொல்ல வேண்டும்.

அதுதான் முடியவில்லை. கல்யாணமான புதிதில் அந்த மனுஷன் முன்னால் உட்காரக்கூடப் பயந்தவன் அவன். உளியைப் பிடிக்கிற கைக்குத் துணிச்சல் இருந்த அளவு வாய்க்கு என்றைக்கும் இருந்ததில்லை.

சாரத்திலிருந்து இறங்கினான். இறங்கும்போதே இன்னொன்று செய்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். கொல்லையில் பழைய நாற்காலிக் கால் ஒன்றை எடுத்து, இன்னொரு துண்டை ஒட்டி நீளமாக்கி, இழைத்துக் கைப்பிடி வளைத்து, தேநீர்ச் சாயமும் புகைக்கரியும் எண்ணெயும் தேய்த்து ஏற்றினான். எங்கெங்கே கை பட்டுத் தேய்ந்திருக்குமோ அங்கெல்லாம் உப்புத்தாளால் தேய்த்தான். ஒட்டு தெரியாதபடி கடைசியாக அந்தப் பித்தளை வளையத்தை ஏற்றினான். அசலில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். செய்யச் செய்ய வேலை அவனை இழுத்துக்கொண்டது. சாயங்காலம் தூரத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்தபோது, எதற்காகச் செய்தோம் என்பதையே ஒரு நிமிஷம் மறந்து, நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டான். அப்புறம் வெட்கமாக இருந்தது.

மாமனாருக்குக் கண்ணில் புரை. வளையத்தைத்தான் முதலில் தடவினார். பிறகு அடியிலிருந்து நுனிவரை கையால் ஏறினார்.

"என்ன உசரம் பாரு. கொக்குப் பய."

கட்டிலின் இரும்புக் கம்பியில் தடியைத் துணியால் கட்டச் சொன்னார். தலைமாட்டில், கை எட்டுகிற தூரத்தில்.

அதற்கப்புறம் அவர் முகமே மாறிவிட்டது. கஞ்சி குடித்தார். தாதிப் பெண்ணிடம் வம்புக்கு நின்றார். அடைத்துக்கிடந்த ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார்.

"குளிருமே தாத்தா."

"குளிரட்டும். அவனுக்குக் காத்து வேணும்."

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தச்சன் வந்தபோது கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேச்சுக் குரல். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து வெளியிலேயே நின்றான்.

"...ஜன்னலுக்காகவாடா? சொல்லு. ஜன்னலுக்காகவா நான் கோவிச்சுக்கிட்டேன்? அன்னிக்கு எல்லார் முன்னாலயும், நடக்கவே நான்தான் கத்துக்கொடுத்தேன்னு சொன்னியே. சொல்லிட்டுச் சிரிச்சியே. எனக்குச் சுருக்குன்னு தச்சிருச்சு. அது உண்மைதான்டா. உண்மைங்கறதாலதான் தச்சுச்சு. நான்தான் வந்திருக்கணும். ரெண்டு தடவை வந்தே நீ. நான் தூங்கற மாதிரி படுத்திருந்தேன்..."

தச்சன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் திரும்பிப் போனான். 

சாரம் இன்னும் நான்கு நாள் நின்றது. நான்கு நாளும் அவன் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அதைப் பார்த்தான். வியாழக்கிழமை லாரி வந்தது. ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டே கயிற்றை அவிழ்த்துக் கழிகளை இறக்கினார்கள். மத்தியானத்துக்குள் கூடத்தின் நடுவெளி மொட்டையாகி, கூரை நாலு ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டது. கீழே நின்று பார்த்தால் முளைகள் தெரியவே இல்லை. தெரியாமல் செய்வதுதானே அவன் தொழில்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, கஞ்சி டம்ளர் பாதி காலியாக இருக்கும்போது, சமையல்காரர் செத்துப்போனார். இருமவே இல்லை.

தாழ்வாரத்தில் கிழவர்கள் கூடிவிட்டார்கள். முன்பு இருநூறு பேர் இருந்த இல்லத்தில் இப்போது பதினேழு பேர். சமையல்காரர் போனதோடு பதினாறு. அவர்களில் ஐந்தாறு பேர் மாமனாரின் அறை வாசலுக்கு வந்து நின்றார்கள். உள்ளே வரத் தயங்கினார்கள். தபால்காரர் என்று கூப்பிடப்படுகிறவர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். பட்டாளத்தில் கடிதம் பிரித்துக் கொடுத்தவர் அவர்.

"அண்ணே... உங்களுக்கும் நெட்டைக்கும் உள்ள விஷயம் எங்களுக்கும் தெரியும். வேணும்னா, சமையல்காரனுக்கு அவன் தடியையே வச்சிடறோம். யாரு கேக்கப் போறா?"

 மாமனார் கையை நீட்டித் துணி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. தச்சன்தான் அவிழ்த்தான்.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றார் மாமனார். "எடுத்துட்டுப் போங்க."

இல்லத்தில் ஏற்கெனவே மரமும் கருவியும் இருந்ததால் பெட்டி செய்கிற வேலையும் தச்சன் தலையில் விழுந்தது. அவன் செய்த பெட்டிக்குள், அவன் செய்த தடியை, அவனே வைத்தான். கூடம் பூட்டியிருந்ததால் பிரார்த்தனை சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேசைகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். நெட்டையின் பித்தளை வளையம் சமையல்காரரோடு மண்ணுக்குள் போனது. சமையல்காரரின் தடியை, மாட்ட இடமில்லாததால், கொண்டுவந்து மாமனாரின் கட்டிலிலேயே கட்டினார்கள். அடுத்தது அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அது குட்டையான, தடித்த தடி. மாமனார் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"போச்சு மாப்ளே," என்றார். கண்ணோரத்திலிருந்து காதுவரை ஈரக்கோடு இறங்கியிருந்தது. "ஒரு வாரம் பிந்திட்டேன். அங்க போய்ச் சமையல்காரன் தடியோட நின்னா நெட்டை என்னன்னு நினைப்பான்? இவன் இன்னும் வீம்பு விடலைன்னுதானே நினைப்பான்?"

தச்சனால் தாங்க முடியவில்லை. இத்தனை நாள் வாய்க்குள் அடைத்து வைத்திருந்தது, இப்போது ஆறுதலாகவே மாறி வெளியே வரப்பார்த்தது. சொன்னால் சந்தோஷப்படுவார் என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

"மாமா, ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்காதீங்க. சமையல்காரரோட போனது நெட்டை மாமா தடி இல்ல."

கிழவரின் தலை மெதுவாகத் திரும்பியது. "என்ன சொல்றே?"

சொன்னான். முளைக்கு மரம் போதாமல் போனது, ஆணியில் தொங்கியது, அறுத்தது, அடித்தது. கைப்பிடியை அடுப்பில் வைத்ததை மட்டும் சொல்லவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், மாமனாரின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அப்ப இங்கதான் இருக்கா? கூடத்துலயா? மேலயா?"

"ஆமா மாமா. பன்னெண்டு முளை. கூரையையே அதுதான் தாங்குது. இன்னும் இருநூறு வருஷம் அசையாது."

"ஒண்ணு எடுத்துட்டு வா."

"மாமா..."

"ஒண்ணே ஒண்ணு போதும். உள்ளங்கைக்குள்ள வச்சுக்கறேன். வழக்கமும் கெடாது, சமையல்காரன் தடியும் பக்கத்துல இருக்கட்டும். யாருக்கும் தெரியாது. எடுத்துட்டு வா, ராசா."

பத்தொன்பது வருஷத்தில் அவர் அவனை ராசா என்று கூப்பிட்டதில்லை.

"சாரம் பிரிச்சாச்சு மாமா. ஏணி எட்டாது. கூடத்தைப் பூட்டிச் சாவியை அந்தம்மா எடுத்துட்டுப் போயாச்சு. திறப்பு விழா வரைக்கும் ஈ காக்கா உள்ள போக முடியாது."

"சாரம் எப்ப பிரிச்சாங்க?"

"போன வியாழக்கிழமை."

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. நாளை எண்ணுகிறார் என்று தச்சனுக்குப் புரிந்தது. எண்ணி முடிக்கக் கூடாதே என்று இருந்தது.

"நான் உன்கிட்ட தடியைக் கேட்டப்போ சாரம் நின்னுச்சு."

"...ஆமா."

"நின்ன சாரத்தை விட்டுட்டு, நீ எனக்கு ஒண்ணு கொண்டுவந்து குடுத்தியே. அது என்ன?"

"நானே செஞ்சது, மாமா. நாற்காலிக் கால்ல."

ஜன்னல் திறந்திருந்தது. முற்றத்தில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"அதுகிட்ட எல்லாத்தையும் சொன்னேனேடா," என்றார் மாமனார். திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. "ஒண்ணு விடாம சொன்னேனே."

பிறகு புரண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். புரள்வதற்கு அவருக்கு வெகுநேரம் ஆனது. உதவிக்குக் கை நீட்டிய தச்சனின் கையைத் தட்டிவிட்டார்.

அதுதான் அவர் அவனிடம் கடைசியாகப் பேசியது. அதற்கப்புறம் இருபத்திரண்டு நாள் இருந்தார். தச்சன் தினமும் போனான், முக்காலியில் உட்கார்ந்தான். கூடத்தில் வேலை முடிந்துவிட்டதால் போவதற்கு வேறு காரணமும் இல்லை. பழம் வாங்கிப்போய் வைத்தான். ஜன்னலை யாரோ மூடியிருந்தார்கள், இவன் எழுந்து திறந்தான். சுவரைப் பார்த்துக் கிடந்த முதுகு ஏறி ஏறி இறங்கியது. மகளிடம் பேசினார், தாதியிடம் பேசினார், தபால்காரரிடம் சமையல்காரரின் குழம்பைப் பற்றிக்கூட ஒரு தடவை பேசினார். மருமகன் செருப்புச் சத்தம் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். இதில் அவருக்குப் பதினோரு வருஷப் பழக்கம் இருந்தது.

"அப்பாவுக்கும் உங்களுக்கும் என்ன?" என்று மனைவி பஸ்ஸில் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. உடம்பு முடியல, அதான்."

"எங்கிட்ட நல்லாத்தானே பேசறாரு."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

ஜெபக்கூடம் திறந்த நான்காம் நாள் மாமனார் போனார். புதுப்பித்த கூடத்தில் நடந்த முதல் பிரார்த்தனை அவருடையதுதான். திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்களின் பூச்செண்டுகள் வாடி ஓரத்தில் இருந்தன. முப்பது பேர் உட்காருகிற பெஞ்சுகளில் கிழவர்கள் பதினைந்து பேர், ஆளுக்கு ஒரு மூலையாக உட்கார்ந்தார்கள். பூதக்கண்ணாடி அம்மாவும் கறுப்பு உடையில் வந்திருந்தாள். மரியாதைக்காகத்தான் வந்தாள், ஆனால் கண் கூரைக்கே போய்க்கொண்டிருந்தது.

குட்டையான தடியைத் தச்சன் பெட்டிக்குள் வைத்தான். மாமனாரின் கையை அதன்மேல் எடுத்து வைத்தபோது விரல்கள் மடங்க மறுத்தன. விட்டுவிட்டான்.

இனி அவருடைய தடியை மாட்ட வேண்டும். அது மகளின் கையில் இருந்தது. தபால்காரர் வழிகாட்ட, அவள் சின்ன அறைக்குள் போனாள். தச்சனும் பின்னாலேயே போனான். மரச்சுவர் தேன் நிறத்தில் பளபளத்தது. அவள் நின்றாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். தபால்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார்.

"இங்கதானேம்மா இருந்துச்சு ஆணி. கை எட்டற உசரத்துல."

தச்சனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பூதக்கண்ணாடி கொடுத்த பட்டியல். கட்டடம் கட்டிய காலத்துக்குப் பின்னால் சேர்ந்தவை, நீக்கவும். நாற்பத்தொரு இனம். மின்சாரப் பெட்டி, குழாய், துணிக்கொக்கி, பக்க அறைச் சுவரில் இரும்பு ஆணி ஒன்று. தடியை அறுத்த மறுநாளே குறடால் ஆணியைப் பிடுங்கியிருந்தான். ஓட்டையில் அதே மரத்தின் தூளை வஜ்ஜிரத்தில் குழைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, மெழுகு ஏற்றி, ரேகையைக்கூட ஊசியால் இழுத்து விட்டிருந்தான்.

சுவரைத் தடவிப் பார்த்தான். இங்கே இருக்குமா, இல்லை, கொஞ்சம் மேலேயா. விரல் நுனியால், நகத்தால், உள்ளங்கையால் தேடினான். கிடைக்கவில்லை.

"நீங்கதானே தச்சர்," என்றாள் மனைவி மெல்லிய குரலில். "வேற ஒரு ஆணி அடிங்களேன். எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

அவன் வாசல் பக்கம் திரும்பினான். பூதக்கண்ணாடி அங்கே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் கண்ணிலும் நீர் இருந்தது. தலையை மட்டும் இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டினாள்.

"இதுல இனிமே ஒரு குண்டூசிகூடக் குத்த முடியாதும்மா. மன்னிச்சுக்கோங்க."

தபால்காரர் தடியை வாங்கி மூலையில் சாய்த்து வைத்தார். மெழுகு போட்ட தரை. தடி மெல்ல வழுக்கி, சுவரோரமாகச் சரிந்து, படாரென்று விழுந்தது. கூடத்தில் தலைகள் திரும்பின. அவள் எடுத்து மறுபடி சாய்த்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை சாய்க்கவில்லை. எடுத்துக்கொண்டு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். தச்சன் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னால் தபால்காரர் யாரிடமோ கிசுகிசுத்தார்: "அப்ப எனக்கு எதை வைப்பானுங்க?"

பாதிரியார் புத்தகத்தைத் திறந்தார்.

"அப்பா ஏன் உங்ககூடப் பேசாமலே போனாரு?" என்றாள் அவள், முன்னால் பார்த்தபடியே. "இப்பவாவது சொல்லுங்க."

அவன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். எந்த உத்திரம், எந்த ஒட்டு என்று அவனுக்குத் தெரியும். அந்த உயரத்தில் ஒன்றும் தெரியவில்லை. எங்கும் ஒரே மரமாகத்தான் இருந்தது.

"ஒண்ணுமில்ல," என்றான்.

அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு தடியோடு கொஞ்சம் அந்தப் பக்கமாக நகர்ந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.